யானை வந்ததா, போனதா? இரண்டு கம்பத்து மணியும் ஒத்துப்போகவில்லை

மலைரேடியோ (போடி) கேட்டது:

வணக்கம். போடியில் டிவி, இன்வெர்ட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். படித்தது ஐடிஐ. சாலிடரிங் அயர்ன் பிடித்து இருபது வருஷம் ஆகிறது, புரோகிராம் எழுதத் தொடங்கி இரண்டு வருஷம்தான். கேள்வியில் அசட்டுத்தனம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்குச் சாந்தன்பாறைப் பக்கம் ஆறு ஏக்கர் ஏலத்தோட்டம். போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, பூப்பாறை வழியாகப் போக வேண்டும். தோட்டத்துக்குக் கீழே ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. ஓடையிலிருந்து ஒரு தடம் ஏறி, தண்ணீர்த் தொட்டியை ஒட்டி வந்து, லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பின்பக்கம் முடியும். அந்தத் தடம் யானை போட்டது. நாங்கள் அதில் நடந்துகொள்கிறோம், அவ்வளவுதான். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற யானையைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அடுத்த மாதமே அது கம்பம் ஊருக்குள் வந்து நின்றது. அதைப் பார்த்தவர்களுக்கு எங்கள் மலையில் ராத்திரி எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

போன வருஷம் மாமா, "நீ என்னென்னமோ செய்றியே, லயத்துக்கு ஒரு அலாரம் செஞ்சு குடு" என்றார். செய்தேன். தடத்தில் இரண்டு கம்பம். ஒன்று ஓடைக் கரையில், இன்னொன்று தொட்டிக்குப் பக்கத்தில். இடையே டேப் பிடித்து அளந்தது 25 மீட்டர். ஒவ்வொன்றிலும் ஆளுயரத்துக்கு மேலே, உடல் சூடு அசைந்தால் தட்டும் ஒரு பிஐஆர் சென்சார் (தாழ வைத்தால் காட்டுப்பன்றியும் நாயும் தட்டிவிடும்), புரோகிராம் ஓட ஒரு ஈஎஸ்பி32 சிப், குறைந்த கரண்டில் தூரம் போகும் ஒரு லோரா ரேடியோ, மணி பார்க்க ஒரு ஆர்டிசி (கடிகாரச் சிப்). ரேடியோ 865–867 மெகாஹெர்ட்ஸ், லைசென்ஸ் வேண்டாம். லயத்துக் கூரையில் இரண்டின் செய்தியையும் வாங்கும் கேட்வே, அதோடு சைரனும் ஒரு பெரிய லைட்டும்.

கணக்கு எளிது. ஓடைக் கம்பத்தின் நேரம் முந்தி, தொட்டிக் கம்பத்தின் நேரம் பிந்தி இருந்தால் யானை வருகிறது, சைரன் அடி. தலைகீழாக இருந்தால் போகிறது, சும்மா இரு. போகிற யானையைச் சத்தம் போட்டுத் திருப்பிவிடாதீர்கள் என்று வனத்துறை வாட்சர் தலையில் அடித்துச் சொன்னதால் இந்த ஏற்பாடு.

மூன்று வாரம் நன்றாகத்தான் ஓடியது. போன வியாழக்கிழமை ராத்திரி சைரன் அடிக்கவில்லை. கடைசி வீட்டு அக்கா தகரம் கிழிகிற சத்தத்தில் எழுந்து பார்த்தால், சமையல்கட்டுச் சுவருக்கு வெளியே யானை நிற்கிறது. ரேஷன் அரிசி மூட்டை போனது, தகரம் இரண்டு ஷீட் போனது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த மட்டும் புண்ணியம். காலையில் கேட்வே குறிப்பை எடுத்துப் பார்த்தேன்:

தொட்டி 02:38:51
ஓடை 02:38:58

என் மெஷின் கணக்குப்படி யானை அந்நேரம் காட்டுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது! அரிசி மூட்டை பறிபோன அக்காவிடம் போய் இதை எப்படிச் சொல்ல?

அன்றைக்கே இரண்டு பெட்டியையும் திறந்து, போன் மணியோடு வைத்துப் பார்த்தேன். ஓடைப் பெட்டி 14 விநாடி பின்னால். தொட்டிப் பெட்டி 41 விநாடி பின்னால். மாட்டி 21 நாள் ஆகிறது. ஓடையில் இருக்கும் ஆர்டிசி டிஎஸ்3231. அது ஒன்றுதான் கையில் இருந்தது என்பதால் தொட்டியில் கடையில் கிடந்த பழைய டிஎஸ்1307 போட்டேன். இரண்டுக்கும் ஒரே நாளில், ஒரே லேப்டாப்பில்தான் புரோகிராம் ஏற்றினேன். மணி கேட்பதற்கு லயத்தில் நெட்வொர்க் கிடையாது. மழை வந்தால் போன் சிக்னலும் கிடையாது.

இரண்டு கம்பத்தையும் ஒரே மணியில் நிறுத்த என்ன வழி?

ஒரு சின்ன விஷயம், சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ. லயத்து வராந்தாவில் ஒரு சுவர்க் கடிகாரம் இருக்கிறது. காலை ஜீப்பைத் தவறவிடக் கூடாது என்று கங்காணி அதைப் பத்து நிமிஷம் கூட்டி வைத்திருக்கிறார். அந்தத் தப்பான கடிகாரத்தை நம்பி இத்தனை வருஷமாக ஒருத்தரும் ஜீப்பை விட்டதில்லை. என் சரியான கடிகாரங்களை நம்பித்தான் இந்தக் கூத்து.

---

பலமநேர்_பையன்:

அண்ணா, கம்பத்துக்கு ஒரு ஜிபிஎஸ் போட்டால் முடிந்தது. செயற்கைக்கோளில் இருந்து வரும் மணி, இரண்டும் ஒரே நேரம் காட்டும். விநாடிக்கு ஒரு துடிப்பு தனிப் பின்னில் வரும், அது மைக்ரோ விநாடிக்குள் சுத்தமாக இருக்கும்.

இன்னொன்று. எங்கள் பக்கமும் கௌண்டின்யா காட்டிலிருந்து யானை இறங்கும், அதனால் சொல்கிறேன். வருகிறதா போகிறதா என்று பார்த்துத்தான் சைரன் என்பதே எனக்குப் பயமாக இருக்கிறது. ஓடைக் கம்பம் தட்டினால் லைட்டையாவது போடுங்கள். கணக்கு தப்பினாலும் ஆட்கள் முழித்துக்கொள்வார்கள் இல்லையா.

---

மலைரேடியோ:

லைட் யோசனை நல்லது தம்பி, அதை எடுத்துக்கொள்கிறேன். சைரனைத் தொட்டதற்கெல்லாம் அடித்தால் நாலாம் நாள் யானையும் மதிக்காது, மனுஷனும் மதிக்க மாட்டான். எங்கள் கஷ்டம் அது.

ஜிபிஎஸ் யோசிக்காமல் இல்லை. ஏலத்துக்கு நிழல் வேண்டும், தோட்டம் முழுக்கப் பெரிய மரம். திறந்த வானத்திலேயே முதல் தடவை பிடிக்க அரை நிமிஷம் ஆகிறது. மரத்தடியில், மழை மேகத்தில் அது தேடிக்கொண்டே இருக்கும், அதற்குள் பேட்டரி படுத்துவிடும். லயத்துக் கூரையில் வேண்டுமானால் ஒன்று வைக்கலாம், அங்கே வானம் தெரியும்.

---

செங்கோட்டை_டீச்சர்:

தம்பி, நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவள். ரேடியோ எனக்குத் தெரியாது, கடிகாரம் தெரியும். உங்கள் எண்களிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் 14. டிஎஸ்3231 தன் வெப்பநிலையைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை அதன் பிழை 2 பிபிஎம், அதாவது பத்து லட்சம் விநாடிக்கு 2 விநாடி. 21 நாளுக்கு அது 3.6 விநாடி, அதற்கு மேல் போகாது. ஆக 14 விநாடியும் ஓடி ஓடிச் சேர்ந்த பிழையாக இருக்க முடியாது. பெரும்பங்கு முதல் நாளே இருந்திருக்க வேண்டும். மணி வைத்த விதத்தில் ஏதோ கோளாறு.

இரண்டு பெட்டிக்கும் அந்த 14 பொது என்று வைத்துக்கொண்டால், தொட்டிப் பெட்டி தானாகப் பின்தங்கியது 27 விநாடி. 21 நாளில் 27, நாளுக்கு சுமார் 1.3. பிபிஎம்மில் சொன்னால் 15. திருத்தம் இல்லாத சாதாரண கிரிஸ்டலுக்கு இது ரொம்ப இயல்பான எண். கடைகளில் விற்பதே 20 பிபிஎம் உத்தரவாதத்தோடுதான்.

இப்போது யானைக் கணக்கு. உங்கள் குறிப்பில் தொட்டி 7 விநாடி முந்தி இருக்கிறது. அதன் கடிகாரம் 27 விநாடி பின்னால். 27இல் 7 போனால் 20. யானை ஓடையைக் கடந்து 20 விநாடி கழித்துத் தொட்டிக்கு வந்திருக்கிறது. 25 மீட்டருக்கு 20 விநாடி, அவசரமில்லாத நடை. கணக்கு ஒட்டுகிறது, யானை முன்னோக்கித்தான் நடந்திருக்கிறது!

ஏன் பின்தங்கியது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கடிகாரக் கிரிஸ்டல் இசைக்கவை மாதிரி வெட்டிய குவார்ட்ஸ், விநாடிக்கு 32,768 தடவை அதிரும். அந்த எண்ணைப் பதினைந்து தடவை இரண்டால் வகுத்தால் 1 வரும், அதற்காகத்தான் அந்த விநோதமான எண். இந்த வெட்டுக்கு 25 டிகிரியில்தான் வேகம் அதிகம். அதைவிடச் சூடானாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும். 25இலிருந்து எத்தனை டிகிரி விலகுகிறதோ, அதன் வர்க்கத்தை 0.034 ஆல் பெருக்கினால் பிபிஎம்மில் இழப்பு வரும். மலையில் ராத்திரி 10 டிகிரி என்றால் சுமார் 8. பகலில் பெட்டிக்குள் 50 டிகிரி ஏறினால் 21. வெயிலும் குளிரும் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே பக்கம்தான் இழுக்கும். தொட்டிப் பக்கம் நிழல் மரம் இல்லை என்று நினைக்கிறேன், சரியா?

பள்ளியில் இதை மாணவர்களுக்குக் காட்ட ஒரே மாதிரி இரண்டு சுவர்க் கடிகார மெஷின் வாங்கினேன். ஒன்று ஸ்டாப் ரூமில், ஒன்று எங்கள் வீட்டுப் பிரிட்ஜில், தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில். பத்து நாளில் பிரிட்ஜில் இருந்தது 12 விநாடி பின்தங்கியது. வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் கேலி செய்வார்.

---

மலைரேடியோ:

டீச்சர், நீங்கள் தோட்டத்துக்கு வந்து பார்த்த மாதிரியே சொல்கிறீர்கள். தொட்டிக்கு மேலே மரம் கிடையாது. போதாததற்கு மழைக்கு என்று பெட்டிக்கு மேல் தகரம் வேறு போட்டேன்.

---

வால்வுக்காரன் (கொழிஞ்சாம்பாறை):

அண்ணே, அந்த 14 விநாடி எங்கிருந்து வந்தது என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் நானும் அதில் விழுந்தவன். ஆர்டிசிக்கு மணி வைக்க, உதாரண புரோகிராமில் இருக்கும் 'கம்பைல் ஆன (லேப்டாப் புரோகிராமைச் சிப்புக்கு ஏற்றபடி மாற்றிய) நேரத்தை எழுது' என்ற வரியை அப்படியே விட்டிருப்பீர்கள். கம்பைல் தொடங்கிய நேரம் ஒன்று. அது முடிந்து, கேபிள் வழியே ஏறி, போர்டு எழுந்து, அந்த நேரத்தை ஆர்டிசியில் எழுதும்போது பத்துப் பதினைந்து விநாடி ஓடிப்போயிருக்கும். அதோடு, பேட்டரி நின்றுபோயிருந்தால் மட்டும் எழுது என்ற சோதனை இல்லாவிட்டால், ஒவ்வொரு தடவை ரீசெட் ஆகும்போதும் கடிகாரம் பழைய கம்பைல் நேரத்துக்கே ஓடிப்போகும். அதையும் பார்த்துவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரே மணியில் நிறுத்த என்ன வழி என்று கேட்டீர்கள். உங்கள் வேலைக்கு மணியே வேண்டாம்.

யானை எத்தனை மணிக்குக் கடந்தது என்று கம்பம் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு நேரத்துக்கு முன்னால் கடந்தது என்று சொன்னால் போதும். பிஐஆர் தட்டியதும் கம்பம் தன் உள் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளட்டும். செய்தி அனுப்பும் கணத்தில் மறுபடி பார்த்து, வித்தியாசத்தை மட்டும் எழுதட்டும்: "ஓடை, 640 மில்லி விநாடிக்கு முன்". கேட்வே, செய்தி வந்து முடிந்த கணத்தைத் தன் கடிகாரத்தில் பார்த்து, அதிலிருந்து 640ஐக் கழிக்கும். தொட்டிச் செய்திக்கும் அதையே செய்யும். இரண்டு சம்பவமும் இப்போது கேட்வேயின் ஒரே கடிகாரத்தில் இருக்கின்றன. கேட்வே மணி பத்து நிமிஷம் தப்பாக ஓடினாலும் எது முந்தி, எது பிந்தி என்பது மாறாது. உங்கள் கங்காணி வராந்தாவில் செய்து வைத்திருப்பது இதுதான். எல்லோரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்தால் ஜீப் தவறாது.

பிழை எவ்வளவு வரும்? 20 பிபிஎம் கிரிஸ்டலில் 10 விநாடி காத்திருந்தால் 0.2 மில்லி விநாடி. மூன்று வாரப் பிழை சேர்வதற்கு இங்கே இடமே இல்லை, ஒவ்வொரு சம்பவத்துக்கும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. காற்றில் போகிற நேரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ரேடியோ அலைக்கு ஒரு கிலோமீட்டருக்கு 3.3 மைக்ரோ விநாடி போதும். ஆனால் லோரா செய்தியின் நீளம் பெரிது. 10 பைட் செய்திக்கு, 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், எஸ்எப் (லோராவின் வேக அமைப்பு, எண் கூடினால் மெதுவாகும்) 7 என்றால் 41 மில்லி விநாடி, எஸ்எப் 9 என்றால் 144, எஸ்எப் 12 என்றால் கிட்டத்தட்ட ஒரு முழு விநாடி. இரண்டு கம்பமும் ஒரே எஸ்எப்பில், ஒரே நீளச் செய்தி அனுப்பினால் இது இரண்டு பக்கமும் சமமாகக் கழிந்துபோகும். ஒன்றை 7இலும் ஒன்றை 12இலும் வைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கரண்ட் போய் கேட்வே படுத்துவிட்டது, கம்பம் சம்பவத்தைச் சேர்த்து வைத்துப் பத்து மணி நேரம் கழித்து அனுப்புகிறது என்று வையுங்கள். 20 பிபிஎம் கிரிஸ்டலில் அப்போதும் பிழை முக்கால் விநாடிக்குள்தான். ஆனால் ஈஎஸ்பி32 டீப் ஸ்லீப்பில் (பேட்டரி மிச்சம் பிடிக்கிற ஆழ்ந்த தூக்கத்தில்) நேரம் எண்ணுவது கிரிஸ்டலில் இல்லை, ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வைத்து உள்ளே இருக்கும் ஆர்சி ஆஸிலேட்டரில். அது வெயிலுக்கும் குளிருக்கும் சதவீதக் கணக்கில் ஆடும். ஐந்து சதவீதம் என்றால் பத்து மணி நேரத்தில் அரை மணி நேரம்! நீண்ட காத்திருப்புக்கு டிஎஸ்3231ஐப் பார்த்து வித்தியாசம் எடுங்கள். அதன் மணி சரியா தப்பா என்பது முக்கியமில்லை, ஓட்டம் சீராக இருந்தால் போதும்.

---

மலைரேடியோ:

ரெண்டு தடவை படித்த பிறகுதான் புரிந்தது. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரமாக நான் மணி வைக்கிற புரோகிராமைத்தான் சீவிச் சிங்காரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு கேள்வி. அப்படியென்றால் கம்பங்களுக்கு ஒரே மணி என்பது யாருக்குத்தான் தேவை? நீங்கள் உங்கள் வேலையில் வைத்திருக்கிறீர்களா?

---

வால்வுக்காரன் (கொழிஞ்சாம்பாறை):

நடந்ததைச் சொல்வதற்கு வேண்டாம். இனி நடக்க வேண்டியதை எல்லோரும் சேர்ந்து செய்வதற்கு வேண்டும். எனக்கு அதுதான் பிழைப்பு.

இங்கே பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் ஒரு தென்னந்தோப்பு, 14 வால்வு, ஒரே மோட்டார். எல்லாம் பேட்டரி வால்வு, துடிப்பு கொடுத்தால் திறக்கும், தலைகீழ்த் துடிப்புக்கு மூடும். ஒன்று மூடுவதற்கு 5 விநாடி முன்னால் அடுத்தது திறந்திருக்க வேண்டும். கடிகாரம் விலகி, முதலாவது மூடிய பிறகு அடுத்தது திறந்தால், இடையில் மோட்டார் அடைத்த குழாயில் தள்ளிக்கொண்டிருக்கும். நான் முதலில் எல்லாவற்றுக்கும் சாதாரண ஆர்டிசி போட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு மாதத்தில் இரண்டு பெட்டிக்கு நடுவே 40 விநாடி வித்தியாசம். விடியற்காலையில் மூன்று இஞ்சுக் குழாயின் ஜாயின்ட் பிய்த்துக்கொண்டு, தோப்புக்காரர் வீட்டுத் திண்ணை வரைக்கும் தண்ணீர். அந்த ஆள் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது.

அப்புறம்தான் பீக்கன் முறைக்கு வந்தேன். மோட்டார் ரூமில் கேட்வே. மணிக்கு ஒரு தடவை அது ஒரு குட்டிச் செய்தி அனுப்பும். வால்வுப் பெட்டிகள் அதற்குச் சற்று முன் விழித்து, கேட்டு, மறுபடி தூங்கிவிடும். எவ்வளவு முன்னால் விழிக்க வேண்டும் என்பதும் டீச்சர் சொன்ன பிபிஎம் கணக்குத்தான். அந்தப் பக்கம் 20, இந்தப் பக்கம் 20, சேர்த்து 40. ஒரு மணி நேரத்துக்கு 144 மில்லி விநாடி. அவ்வளவு முந்தி எழுந்தால் பீக்கன் தப்பாது.

சூட்சுமம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, நேரத்தை எங்கே குறிக்கிறீர்கள் என்பது. நான் முதலில் செய்தியைப் படித்து, சரிபார்த்து, பிறகு லூப்பில் ஆற அமர மணி பார்த்தேன். சில சமயம் 3 மில்லி விநாடி, சில சமயம் 60. ரேடியோ சிப் செய்தி முடிந்த கணத்தில் ஒரு பின்னை உயர்த்தும், அந்த இன்டரப்டுக்குள்ளேயே (மற்ற வேலையை நிறுத்திவிட்டு உடனே ஓடும் பகுதி) எண்ணிக்கையைப் பிடித்து வைத்துவிட வேண்டும். அனுப்புகிற பக்கமும் அப்படியே, அனுப்பி முடித்த கணத்தில். ஆனால் செய்தி போய்விட்ட பிறகுதானே அந்த நேரம் கேட்வேக்கே தெரியும்? அதனால் இந்தப் பீக்கனில் போன பீக்கனின் நேரத்தை எழுதி அனுப்புகிறேன். வால்வுப் பெட்டி தான் குறித்து வைத்திருப்பதோடு அதை ஜோடி சேர்த்துக்கொள்ளும். கம்பி வழி நெட்வொர்க்கில் கடிகாரங்களை ஒரே மணியில் நிறுத்த பிடிபி என்று ஒன்று இருக்கிறதே, அதிலும் இந்த வித்தை உண்டு.

இரண்டாவது, மணியைத் திருத்தினால் போதாது, ஓட்டத்தையும் திருத்த வேண்டும். கடைசி எட்டு ஜோடியை வைத்து ஒரு நேர்கோடு போடுங்கள். கோட்டின் சரிவுதான் அந்தப் பெட்டியின் பிபிஎம். அது தெரிந்துவிட்டால் அடுத்த பீக்கன் வரும்வரை பெட்டி தானே கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ளும். இது என் மூளை இல்லை. 2004இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் எப்டிஎஸ்பி என்று ஒரு முறை செய்தார்கள், எட்டு ஜோடி அங்கிருந்து எடுத்ததுதான். துப்பாக்கிச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று பல சென்சார்களை வைத்துக் கண்டுபிடிக்கிற வேலைக்கு அதைப் பயன்படுத்தினார்கள். ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 சென்டிமீட்டர் போகும், ஆகவே அவர்களுக்கு நெருக்கமான மணி வேண்டியிருந்தது. ஒரு தாவலுக்கு (செய்தி ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததுக்குப் போவதற்கு) ஒன்றிரண்டு மைக்ரோ விநாடியில் நிறுத்தினார்கள். எனக்கு 5 விநாடி இடைவெளி இருக்கிறது, அதில் சில மில்லி விநாடி பிசகினால் தேங்காய்க்கு ஒன்றும் தெரியாது.

என் பெட்டிகளில் இருப்பது எஸ்டிஎம்32 சிப், அதில் 32,768 கிரிஸ்டல் தூக்கத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஈஎஸ்பி32இல் இதையே செய்வதானால் வெளியே கிரிஸ்டலோ டிஎஸ்3231இல் அதே 32,768 துடிப்பைத் தரும் 32கே பின்னோ வேண்டும்.

---

செங்கோட்டை_டீச்சர்:

வால்வுத் தம்பிக்கு ஒரு சிறு குறிப்பு. எட்டு ஜோடி என்றால் உங்களுக்கு எட்டு மணி நேரம். விடியற்காலையில் பெட்டி குளிர்ந்து கிடந்து, வெயில் பட்டதும் ஒரு மணி நேரத்தில் 20 டிகிரி ஏறும். ராத்திரி முழுக்கப் போட்ட கோடு காலை ஒன்பது மணிக்குப் பொருந்தாது. காலையில் மட்டுமாவது பீக்கனை நெருக்கி அனுப்பிப் பாருங்கள்.

---

வால்வுக்காரன் (கொழிஞ்சாம்பாறை):

டீச்சர், கும்பிடுகிறேன். காலை எட்டிலிருந்து பத்து வரைக்கும் பிழை ஏன் கூடுகிறது என்று நாலு மாதமாக ரேடியோவைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

---

மலைரேடியோ (16 நாள் கழித்து):

செய்து முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

தொட்டியிலும் டிஎஸ்3231 போட்டாயிற்று. மாட்டும்போது கவனித்தது, சர்வீஸ்காரன் புத்தி சும்மா இருக்குமா: இந்த மலிவு மாட்யூல்களில் பட்டன் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றும் ஒரு ரெசிஸ்டரும் டயோடும் இருக்கிறது. சார்ஜ் ஏறாத சிஆர்2032 செல்லைப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் செல் உப்பும். ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். தகரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, காற்று போக வைத்தேன்.

புரோகிராமை வால்வு அண்ணன் சொன்னபடி மாற்றினேன். இனிமேல் சோதனை. சென்சார் ஆளுயரத்துக்கு மேல் இருப்பதால் நான் நடந்தால் தட்டாது. மாமாவின் பேரன் ஏழு வயது. அவனைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு ஓடைக்கும் தொட்டிக்கும் நடையாய் நடந்தேன். அவன் துதிக்கை மாதிரி கையை ஆட்டிக்கொண்டே வந்தான். ஆறு தடவை ஏற்றம், ஆறு தடவை இறக்கம். பன்னிரண்டும் சரியாக வந்தது. கழுத்து மூன்று நாள் வலித்தது.

அத்தோடு விடாமல், சிக்னல் மோசமானால் என்ன ஆகும் என்று பார்க்க ஓடைக் கம்பத்தின் ஆன்டெனாவைச் சட்டியால் மூடிவிட்டு நடந்தேன். உடனே யானை மறுபடி தலைகீழ்! உட்கார்ந்து தேடியதில் தப்பு என்னுடையது. கேட்வேயிலிருந்து பதில் வராவிட்டால் கம்பம் எட்டு விநாடிக்கு ஒரு தடவை திரும்ப அனுப்பும். வித்தியாசத்தை முதல் தடவை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு, நாலாவது முயற்சியிலும் அதே 640ஐ அனுப்பிக்கொண்டிருந்தேன். அதற்குள் 24 விநாடி போய்விட்டது. இப்போது ஒவ்வொரு முயற்சிக்கும் புதிதாகக் கழிக்கிறது. யாராவது இதைப் பார்த்துச் செய்தால் அந்த இடத்தில் உஷார்.

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை நிஜமாகவே வந்தது. ஓடை தட்டியதும் லைட் (பலமநேர் தம்பிக்கு நன்றி), 23 விநாடியில் தொட்டி, சைரன். யானை தொட்டிக்குப் பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றிருக்கிறது, சென்சார் ஐந்தாறு தடவை தட்டியிருக்கிறது. அப்புறம் தொட்டி, 31 விநாடி கழித்து ஓடை. சைரன் சும்மா இருந்தது. கடைசி வீட்டு அக்கா கதவைத் திறக்காமல் ஜன்னலிலிருந்து பார்த்தாராம். தகரத்துக்கும் அரிசிக்கும் சேர்த்து மாமா பணம் கொடுத்துவிட்டார், அதில் பாதி என் கணக்கில் இருக்கிறது.

---

வால்வுக்காரன் (கொழிஞ்சாம்பாறை):

அருமை அண்ணே. ஒன்று மட்டும் பார்த்துவிடுங்கள். கேட்வேயில் மில்லி விநாடி எண்ணிக்கை 32 பிட் என்றால் 49.7 நாளில் சுற்றி பூஜ்யத்துக்கு வந்துவிடும். இரண்டு நேரத்தையும் நேராக ஒப்பிட்டால் அன்றைக்கு ராத்திரி மறுபடி தலைகீழ். கழித்து, வித்தியாசத்தைப் பாருங்கள்.

---

மலைரேடியோ:

நேராகத்தான் ஒப்பிட்டிருந்தேன். நாளைக் காலை ஜீப்பில் மேலே போகிறேன்.